ஒரே நாள், ஒரே ஊர்

வேதாரண்யம்,
மார்கழி 20

அன்புள்ள தம்பிக்கு அத்தை எழுதுவது.

நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய பயணத் திட்டத்தை மூன்று முறை படித்தேன். காலை ஆறு மணிக்குத் தஞ்சாவூரில் கிளம்புகிறாய். எட்டரைக்கு வேளாங்கண்ணி. பதினொன்றுக்குக் கோடியக்கரை. பக்கத்திலேயே ஒரு குறிப்பு: "ஒன்றரை மணி நேரம் போதும்ல அத்தை?" மூன்று மணிக்கு முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டில் படகு. ராத்திரி மன்னார்குடியில் சாப்பாடு. ஆபீஸில் மீட்டிங் போடுகிற மாதிரியே காட்டுக்கும் கடலுக்கும் நேரம் குறித்திருக்கிறாய்.

போனில் சொன்னால் "சரி அத்தை, சரி அத்தை" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் கடிதம். முப்பத்திரண்டு வருஷம் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் நடத்தியவள், எழுத உட்கார்ந்தால் நீளத்தான் செய்யும். பொறுத்துக்கொள்.

வேளாங்கண்ணியை இன்னொரு தரம் பார்த்துக்கொள்ளலாம். முத்துப்பேட்டைக்குத் தனியாக ஒரு நாள் வேண்டும், அதைப் பற்றி அப்புறம் எழுதுகிறேன். இந்த ஒரு நாளை முழுதாகக் கோடியக்கரைக்குக் கொடு. முதல் நாள் ராத்திரியே இங்கே வந்து படுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் இடமிருக்கிறது, கொசுவலையும் இருக்கிறது. விடிவதற்கு முன்னால் கிளம்ப வேண்டும். தை அமாவாசை அன்று மட்டும் வேண்டாம். ஆதிசேது என்று சொல்லி ஊர்ப்பட்ட கூட்டம் கடலாட வரும். திதி கொடுக்க வருகிறவர்களுக்கு அது நல்ல நாள், மான் பார்க்க வருகிறவர்களுக்கு இல்லை.

இங்கேயிருந்து கோடியக்கரை பன்னிரண்டு கிலோமீட்டர் கூட இருக்காது. ஆனால் அந்தத் தூரத்தைக் காரில் கால் மணி நேரத்தில் கடந்துவிடாதே. அகத்தியம்பள்ளி தாண்டியதும் இரண்டு பக்கமும் உப்பளம். தை மாதத்தில் பாத்திகளில் மழைத்தண்ணீர் நிற்கும், உப்பு வார இன்னும் நாளிருக்கிறது. வானம் வெளுக்கும்போது அந்தப் பாத்திகள் ஒவ்வொன்றாக வெளிச்சம் போட்ட மாதிரி தெரியும். காரை ஓரங்கட்டி, எஞ்சினை நிறுத்தி, பாப்பாவை இறக்கிவிட்டு ஐந்து நிமிஷம் நில்லுங்கள்.

உன் தாத்தா அந்தப் பாத்திகளில்தான் நின்றார். உனக்கு அவர் முகம் நினைவிருக்காது. உப்பு வாரும் பலகையோடு நாள் முழுக்க நின்று சாயங்காலம் வந்தால், வீட்டுக்குள் கால் வைக்க மாட்டார். திண்ணை ஓரத்தில் அம்மா ஒரு குண்டானில் நல்ல தண்ணீர் வைத்திருப்பார்கள். கணுக்கால் வரைக்கும் வெடித்துக் கிடக்கும் பாதம் அது. தண்ணீர் பட்டதும் அவர் கண்ணை மூடிக்கொள்வார். எரிச்சலா சுகமா என்று எனக்குத் தெரியாது, கேட்டதும் இல்லை.

அகத்தியம்பள்ளியில் உப்புச் சத்தியாக்கிரக நினைவுத்தூண் இருக்கிறது. அங்கேயும் நில். 1930 ஏப்ரல் 13-ஆம் தேதி ராஜாஜி திருச்சியிலிருந்து தொண்டர்களோடு நடக்க ஆரம்பித்தார். 28-ஆம் தேதி வேதாரண்யம் வந்து, 30-ஆம் தேதி உப்பை அள்ளிக் கைதானார். இந்த ஊரில் அவர்களுக்கு எல்லாமாக நின்றவர் வேதரத்தினம் பிள்ளை. வழியில் சோறு போடுகிறவர்களுக்கும் இடம் கொடுக்கிறவர்களுக்கும் தண்டனை என்று தஞ்சாவூர் கலெக்டர் தார்ன் உத்தரவு போட்டிருந்தார். தஞ்சாவூர்க்காரர்களைப் பார்த்துச் சோறு போடாதே என்றால் நடக்கிற காரியமா? சாலையோர மரக்கிளைகளில் சோற்றுப் பொட்டலத்தைக் கட்டித் தொங்கவிட்டுவிட்டுப் போய்விட்டார்களாம். கொடுத்தவர் யார் என்று மரத்தையா விசாரிக்க முடியும்! பாப்பாவுக்குத் தேதிகளை விட்டுவிட்டு இந்தப் பொட்டலக் கதையை மட்டும் சொல். தேதி தானாக வந்து ஒட்டிக்கொள்ளும்.

இனிமேல்தான் விஷயம். அங்கே இரண்டு ஊர் இருக்கிறது, கவனித்தாயா? கோடியக்காடு, கோடியக்கரை. கோடி என்றால் முனை, கடைசி. வடக்கேயிருந்து நேராக இறங்கி வருகிற கடற்கரை அந்த இடத்தில் சட்டென்று மேற்கே மடங்குகிறது, முழங்கையை மடக்கின மாதிரி. அந்த முழங்கை மூட்டில் காடு. காட்டுக்கு இந்தப் பக்கத்து ஊர் கோடியக்காடு, அந்தப் பக்கத்து ஊர் கோடியக்கரை. பெயர் வைத்தவர்கள் வேறு எதையும் சொல்லவில்லை, இங்கே காடு, அங்கே கரை என்று மட்டும் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். எங்கள் ஊருக்கும் பழைய பெயர் திருமறைக்காடுதான். இந்தக் கடலோரம் முழுக்க ஒரு காலத்தில் காடாகத்தான் இருந்திருக்கும் என்று எனக்கு ஒரு எண்ணம். மிச்சம் இருப்பது முழங்கையில் ஒட்டிக்கொண்டிருக்கிற இவ்வளவுதான்.

நான் முதல்முதல் அங்கே போனது 1966-இல், எனக்கு ஒன்பது வயது. ரயில் கோடியக்கரை வரைக்கும் போன காலம். சின்ன மீட்டர்கேஜ் வண்டி. இப்போது அகலப்பாதை போட்டு 2023-இல் மறுபடி ரயில் விட்டார்கள், ஆனால் அகத்தியம்பள்ளியோடு நின்றுவிடுகிறது. அன்றைக்கு அப்பா என்னை மட்டும் அழைத்துப் போனார். உங்கப்பாவுக்கு அம்மை போட்டிருந்தது. ஜன்னலுக்கு வெளியே உப்பளம் ஓடிக்கொண்டே இருந்தது, திடீரென்று பச்சை வந்தது, அப்புறம் ரயில் நின்றது, நீலம். "என்னப்பா இவ்வளவுதானா?" என்று கேட்டேனாம். அடுத்த வருஷம், 1967-இல், அந்தக் காட்டைச் சரணாலயம் என்று அறிவித்தார்கள். வெளிமானுக்காக. 2002-இல் ராம்சார் ஈரநிலப் பட்டியலிலும் சேர்ந்தது. பக்கத்துச் சதுப்பும் உப்பளமும் முத்துப்பேட்டை வரைக்கும் சேர்த்து 38,500 ஹெக்டேர்.

கோடியக்காட்டு வன அலுவலகத்தில் பணம் கட்டி, அனுமதி வாங்கிக்கொண்டு உள்ளே போ. வேட்டைத் தடுப்புக் காவலர் யாராவது கூட வருவார் என்றால் கட்டாயம் அழைத்துப் போ. அவர்களில் பல பேர் அந்த ஊர்க்காரர்கள். நான் புத்தகத்தில் படித்துப் பிள்ளைகளுக்குச் சொன்னதை அவர்கள் பார்த்துத் தெரிந்துகொண்டவர்கள். செருப்பு வேண்டாம், ஷூ போட்டுக்கொள்ளுங்கள். முள் என்றால் அப்படி முள்.

காட்டைப் பார்த்ததும் ஏமாந்துவிடாதே. நீ கொடைக்கானல் போய் வந்தவன். இங்கே வானத்தை மறைக்கிற மரமில்லை. வறண்ட பசுமைமாறாக் காடு என்று இதற்குப் பெயர். சோழமண்டலக் கரையோரம் அங்கங்கே துண்டு துண்டாக மிஞ்சியிருக்கிற வகை. வருஷத்து மழையில் பெரும்பகுதி ஐப்பசி கார்த்திகையில் கொட்டிவிடும். அப்புறம் மாதக்கணக்கில் வெயிலும் உப்புக்காற்றும்தான். இந்தக் கணக்குக்குள் குடித்தனம் நடத்த வேண்டிய மரம் இலையை உதிர்த்துப் புதிதாக விட்டுக்கொண்டிருக்க முடியாது. அதனால் இலை சிறிதாக, தடிப்பாக, தோல் மாதிரி இருக்கும். ஒரு பாலை இலையைத் தொட்டுப் பார்க்கச் சொல். பறிக்க வேண்டாம், கீழே கிடப்பதையே எடுக்கலாம். உலக்கைக்கு அந்த மரம்தான். உலக்கைப்பாலை என்று பெயர் வந்ததே அதனால். மஞ்சளாகக் குட்டிப் பழம் பழுக்கும். கடித்தால் பால் உதட்டில் ஒட்டும், அப்படி ஒரு தித்திப்பு. ஆனால் அதற்கு நீ கோடையில் வர வேண்டும்.

இப்போது நான் சொல்ல வந்த முக்கியமான காரியம். காட்டிலிருந்து கடலைப் பார்க்க நடக்கும்போது மரங்களின் தலையைப் பார்த்துக்கொண்டே போ. உள்ளே இருக்கிறவை ஓரளவு நிமிர்ந்திருக்கும். கடல் கிட்ட வர வர குட்டையாகும். உச்சியைக் கத்தரி போட்டு நறுக்கின மாதிரி ஒரே சரிவாக, கடல் பக்கம் தாழ்ந்து நிலத்துப் பக்கம் ஏறி இருக்கும். நறுக்கியது காற்று. உப்புத்துளி பட்டுப் பட்டுக் கடல் பக்கத்துத் துளிர் கருகிவிடுகிறது, மறுபக்கத்துத் துளிர் மட்டும் பிழைக்கிறது. அப்புறம் மரம் புதராகும். புதர் புல்லாகும். புல் போய் மணல் தெரிகிற இடத்தில் இராவணன் மீசை உருண்டை உருண்டையாக முள் விரித்திருக்கும், அடப்பங்கொடி ஊதாப் பூவோடு கடல் பக்கம் ஊர்ந்து போகும். அந்த இரண்டும்தான் மணலைப் பிடித்து வைத்திருக்கின்றன. கொடி எந்த இடத்தில் நிற்கிறதோ, கடல் பெரும்பாலும் அதுவரைக்கும்தான் வரும். எங்கே காடு முடிந்தது என்று பாப்பாவிடம் கேள். ஒரு கோடு போடச் சொல். அவளால் போட முடியாது. நானும் முப்பது வருஷமாகப் போட முயன்றேன்.

காட்டுக்குள் இடையிடையே கடலுக்கு இணையாக மணல்மேடுகள் கிடக்கும், ஒரு காலத்தில் அவையும் கரைதான். மழைத்தண்ணீர் மணலுக்குள் இறங்கி, அடியில் இருக்கும் உப்புத் தண்ணீருக்கு மேலே தனியாக நிற்கும். நல்ல தண்ணீர் எடை குறைவு, அதனால் கலக்காமல் மிதக்கிறது. கடலுக்கு இவ்வளவு பக்கத்தில் குடிக்கிற தண்ணீர் கிடைப்பது இப்படித்தான். திண்ணையில் அம்மா வைத்த குண்டான் தண்ணீரும் மணலைத் தோண்டி எடுத்ததுதான். அந்த மேடுகளில் உயரமான ஒன்றில்தான் இராமர் பாதம் இருக்கிறது. ஏறிப் பார். சுற்றிலும் காடு, அதற்கு அப்பால் மினுமினுப்பு. உயரம் என்றால் மலை மாதிரி நினைக்காதே. இந்த ஊரில் ஒரு வீட்டு மாடி உயரம் இருந்தாலே அது மலை.

கோடியக்காட்டுக் குழகர் கோயிலுக்கும் போய் வாருங்கள். கடல்காற்று வீசுகிற இந்த இடத்தில் துணைக்கு ஆளில்லாமல் இப்படித் தனியாக இருக்கிறாயே என்று சாமிக்காக வருத்தப்பட்டுச் சுந்தரர் பாடிய கோயில். சாமியிடம் வரம் கேட்டவர்களைப் பார்த்திருக்கிறோம். சாமியைப் பார்த்து ஐயோ பாவம் என்றவர் அவர்தான். அந்தக் காற்று இன்னும் அப்படியேதான் அடிக்கிறது.

வெளிமானைப் பற்றி எழுத வேண்டும். தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தேன்.

மான் என்று சொல்கிறோமே தவிர, இது புள்ளிமான் ஜாதி இல்லை. புள்ளிமான் கொம்பை வருஷா வருஷம் உதிர்க்கும், வெளிமான் கொம்பு உதிராது. ஆணுக்கு மட்டும் திருகு திருகாக மேலே போகும். வயதான ஆண் மேலே கறுப்பு, அடியில் வெள்ளை. பெண்ணும் குட்டியும் மணல் நிறம். பெயரே சொல்கிறது, வெளியில் மேய்கிற மான். புதருக்குள் ஒளிந்து பிழைக்கிற பிராணி இல்லை. தூரத்திலேயே ஆபத்தைப் பார்த்து, ஓடிப் பிழைக்கிற பிராணி. அதற்குக் கண்ணும் காலும் வெட்டவெளியும் வேண்டும். சீமைக்கருவேலம் வந்து அந்த வெட்டவெளியை விழுங்கியது. அதன் காயை மானும் குதிரையும் தின்று, சாணத்தில் விதையைப் போட்டு அவையே பரப்பின. வனத்துறை வெட்டிக்கொண்டிருக்கிறது, அது முளைத்துக்கொண்டிருக்கிறது. குதிரைகளும் பார்ப்பாய், யாரோ எப்போதோ விட்ட வீட்டுக் குதிரைகளின் வம்சம். பாப்பாவுக்கு அவைதான் பிடிக்கும். இருக்கிற கொஞ்சப் புல்லுக்கும் மானோடு போட்டி போடுகிறவை என்பதை ஊருக்குத் திரும்பிய பிறகு சொல்லிக்கொள்ளலாம்.

1993 என்று நினைக்கிறேன். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளை ஒரு வேனில் அடைத்துக் கூட்டிப் போனேன். அன்றைக்கு நான் போட்டிருந்த திட்டமும் இப்போது நீ அனுப்பியிருக்கிற திட்டம் மாதிரிதான். காலையில் கோடியக்கரை, பதினோரு மணிக்குள் முடித்து வேளாங்கண்ணி, அங்கேயிருந்து நாகூர். புல்வெளியில் மந்தை தூரத்தில் நின்றது. பிள்ளைகளுக்குச் சரியாகத் தெரியவில்லை என்று ஒரே கூச்சல். எனக்கோ கடிகாரம். டிரைவரிடம், "கொஞ்சம் பக்கத்தில் விடுங்க" என்றேன். அவர் பாதையை விட்டு இறக்கி, பிள்ளைகள் சந்தோஷப்படட்டும் என்று ஹாரனையும் அடித்தார். நான் தடுக்கவில்லை. மந்தை எழும்பியது. வெளிமான் ஓட்டம் நீ பார்த்ததில்லையே, ஓடிக்கொண்டே இருக்கும்போது நடுவில் நாலு காலும் தூக்கிச் செங்குத்தாகத் துள்ளும். வேனே அதிரும்படி பிள்ளைகள் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

கடைசி ஸீட்டில் இருந்த ஒரு பெண் பிள்ளை மட்டும் கேட்டாள். "டீச்சர், அந்தக் குட்டி ஏன் ஓடல?"

புல்லுக்குள் ஒரு குட்டி படுத்திருந்தது. பிறந்து சில நாள்தான் ஆகியிருக்கும். இந்த வயதுக் குட்டி ஓடாது, ஆபத்து என்றால் அசையாமல் தரையோடு தரையாகப் படுத்துக்கொள்ளும். தாய் தள்ளி நின்று காவல் பார்க்கும். இது எல்லாம் எனக்குத் தெரியும், நடத்துகிற பாடம்தானே. வேன் சக்கரத்துக்கும் அதற்கும் நடுவில் பத்தடி கூட இல்லை. தாய் மந்தையோடு ஓடிப்போய், தனியாகப் பிரிந்து, தூரத்தில் நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. நாங்கள் வண்டியைப் பின்னால் எடுத்துக்கொண்டு போய்விட்டோம். தாய் திரும்பி வந்ததா என்று காத்திருந்து பார்க்க நேரமில்லை. வேளாங்கண்ணி போக வேண்டியிருந்தது.

அந்தப் பிள்ளைக்கு நான் என்ன பதில் சொன்னேன் என்று எவ்வளவு யோசித்தும் நினைவில் இல்லை. ஒன்றும் சொல்லியிருக்க மாட்டேன்.

அதனால் தம்பி, வண்டியைப் பாதையிலேயே நிறுத்து. ஹாரன் வேண்டாம், பாட்டு வேண்டாம், கதவை அடித்துச் சாத்த வேண்டாம். போனை நீட்டிக்கொண்டு கிட்டப் போகாதே. அரை மணி நேரம் சும்மா இரு. பத்தாவது நிமிஷத்தில் பாப்பாவுக்கு அலுத்துவிடும். அலுக்கட்டும். இருபதாவது நிமிஷத்துக்கு மேல் மந்தை உங்களைக் கணக்கில் எடுக்காமல் மேய ஆரம்பிக்கும். ஆண் தலையைப் பின்னால் சாய்த்துக் கொம்பு முதுகில் படுகிற மாதிரி ஒரு நடை நடக்கும், ராஜபார்ட் மாதிரி. அது நம் வண்டியைப் பார்த்துச் செய்வது இல்லை, அதன் வீட்டுக் காரியம். மான் ஒன்றுமே தென்படாத காலையும் உண்டு. அப்படியானால் திட்டிக்கொண்டு வராதே.

வெயில் ஏறினதும் கரைக்குப் போங்கள். மருமகள் பொன்னியின் செல்வன் படித்தவள், பூங்குழலியின் கரையைப் பார்க்க வேண்டும் என்று போன தடவையே சொன்னாள். வந்தியத்தேவன் சேற்றுப் பள்ளத்தில் சிக்குவானே, அந்தச் சேறு கல்கியின் கற்பனை மட்டும் இல்லை. முனைக்கு மேற்கே, பாக் நீரிணைப் பக்கம், அலையே இல்லாமல் குளம் மாதிரி இருக்கும், காலை வைத்தால் முழங்கால் வரைக்கும் இழுக்கும். கிழக்கே மணலும் அலையும். ஒரே கரையில் இரண்டு கடல். மேற்குப் பக்கம் பாப்பாவின் கையை விடாதே. கலங்கரை விளக்கில் ஏற விட்டால் ஏறுங்கள். சோழர் காலத்து விளக்கு என்று ஊரில் காட்டிய செங்கல் இடிபாடு 2004 சுனாமியில் போய்விட்டது. தெற்கே பார்த்தால் தண்ணீர்தான், ஆனால் அந்தப் பக்கம் யாழ்ப்பாணம். காற்று வாட்டம் பார்த்துக் கள்ளத்தோணி ஓடின கதைகள் இங்கே வீட்டுக்கு ஒன்று இருக்கும், வந்தால் சொல்கிறேன். எழுத மாட்டேன்.

ஐப்பசியிலிருந்து மாசி பங்குனி வரைக்கும் வெளியூர் மீனவர்கள் வந்து வாடி போட்டுத் தங்கித் தொழில் செய்கிற சீசன். படகு கரையேறும் நேரம் சந்தை மாதிரி இருக்கும். "இன்னிக்குப் பாடு எப்படிண்ணே?" என்று கேட்டு நில், பேசுவார்கள். கேட்காமல் போட்டோ எடுக்காதே. கருவாடு காயவைக்கிற பெண்களை எடுக்கவே எடுக்காதே. நம் வீட்டு அடுப்படிக்குள் எவனாவது வந்து எடுத்தால் விடுவோமா?

இதே மணலுக்குத்தான் தை, மாசியில் பங்குனி ஆமைகள் ராத்திரியில் முட்டையிட வரும். ஒரு குழியில் நூறு முட்டைக்கு மேல் இருக்கும். காட்டு நரிக்கு அது தெரியும், மோப்பம் பிடித்துக் கரைக்கு வந்து தோண்டும். அதனால் வனத்துறை முட்டைகளை எடுத்துப் பொரிப்பகத்தில் புதைத்து வைக்கிறது. குஞ்சு ஆணா பெண்ணா என்பதை முடிவு செய்வது மணலின் சூடு. சூடு கூடினால் பெண். இதைச் சொன்னால் ஒன்பதாம் வகுப்பு எப்போதும் சிரிக்கும். ஏன் என்று இன்றைக்கு வரைக்கும் புரியவில்லை.

பறவைகளுக்கு நல்ல நேரம் சாயங்காலம். ஃபிளமிங்கோவைப் பேப்பரில் செங்கால் நாரை என்று போடுவார்கள், அது வேறு பறவை. பூநாரை என்று சொல்லிப் பழக்கு. தலையைக் கவிழ்த்து, அலகைத் தலைகீழாக வைத்துச் சேற்றுத் தண்ணீரை வடிகட்டித் தின்னும். தின்கிற கூனிப்பூச்சியிலும் பாசியிலும் இருக்கிற நிறம்தான் இறகில் ஏறுகிறது. ஆனால் என்னைக் கேட்டால், பூநாரையைவிடச் சேற்றோரத்தில் எலிக்குஞ்சு மாதிரி ஓடுகிற கொசு உள்ளானைப் பார் என்பேன். 25 கிராம் அளவுதான் எடை. வடதுருவத்தை ஒட்டிய பனிவெளியில் குஞ்சு பொரித்துவிட்டு, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து நம் உப்பளச் சேற்றில் புழு பொறுக்க வருகிறது. கோடை வருவதற்குள் கொழுப்பைச் சேர்த்துக்கொண்டு திரும்ப வேண்டும். பாப்பா கையைத் தட்டிக்கொண்டு கூட்டத்தைப் பார்த்து ஓடுவாள், எல்லாப் பிள்ளைகளும் ஓடும். தடுத்துவிடு. ஒவ்வொரு தரம் எழும்பிப் பறப்பதும் அந்தச் சேமிப்பில் கைவைப்பதுதான்.

ஒன்றை மறைக்கக் கூடாது. நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது உள்ளான் கறி எங்கள் வீட்டிலும் ஆக்கியிருக்கிறார்கள். கண்ணி வைத்துப் பிடித்துக் கட்டுக் கட்டாக விற்பார்கள். நன்றாகத்தான் இருக்கும். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு குற்றம் என்றானது, மெல்ல மெல்லக் குறைந்தது. பறவை ஆராய்ச்சியாளர் சலீம் அலி தேடி வந்த கரை இது. அவருடைய பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்காரர்கள் இங்கேயே தங்கி, பறவைகளைப் பிடித்துக் காலில் எண் போட்ட வளையம் மாட்டி விடுவார்கள். கண்ணி கட்டத் தெரிந்த ஊர்க்காரர்களையே அதற்கும் சேர்த்துக்கொண்டார்கள் என்று கேள்விப்பட்டபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, நிம்மதியாகவும் இருந்தது. அந்தக் கைகளைவிட நோகாமல் பிடிக்க யாருக்குத் தெரியும்?

கஜா புயலுக்குப் பிறகு நீ இந்தப் பக்கம் வரவில்லை. 2018 நவம்பர் 16, நள்ளிரவு தாண்டிய நேரம். என் வீட்டு ஓடு பறந்தது உனக்குத் தெரியும், தென்னையும் மாவும் போனது தெரியும். நான் காட்டைப் போய்ப் பார்த்ததைச் சொல்லவில்லை. அப்பா காட்டிய பாலை மரம் ஒன்று இருந்தது, ரயில் பாதைக்குப் பக்கத்தில். வேர் மேலே, தலை கீழே கிடந்தது. மான்கள் கடலில் அடித்துக்கொண்டு போய்க் காரைக்கால் கரையில் ஒதுங்கின என்று பேப்பரில் வந்தது. மூன்று வருஷம் அந்தப் பக்கமே போகவில்லை. பிறகு போனபோது, விழுந்த மரத்தின் அடியிலிருந்து துளிர் விட்டிருந்தது. இடுப்பு உயரம். கடல் பக்கத்து இலைகள் கருகி, மறுபக்கம் மட்டும் பச்சை. பழைய சரிவுக்கே வளர்கிறது.

அந்த மரம் இருக்கிற இடத்தைக் காவலரிடம் கேட்டால் காட்டுவார், பள்ளிக்கூடத்து டீச்சர் சொன்ன மரம் என்று சொல்.

மற்றதெல்லாம் சில்லறை. தண்ணீர் நிறையக் கொண்டு போ, பிளாஸ்டிக்கைத் திருப்பிக் கொண்டு வா. குரங்குக்கு எதுவும் போடாதே. மதியச் சாப்பாட்டுக்குக் கட்டுச்சோறு நான் தருகிறேன், புளிச்சோறும் துவையலும். தொப்பி வேண்டும். ஆறு மணிக்கு முன்னால் காட்டை விட்டு வெளியே வந்துவிடு, வன அலுவலகத்தில் திட்டுவார்கள். பாப்பா ஏதாவது கேட்டு உனக்குப் பதில் தெரியாவிட்டால் போனில் தேடாதே, குறித்துக்கொண்டு வரச் சொல். அத்தைப்பாட்டிக்கும் வேலை வேண்டாமா?

ராத்திரிக்குக் காலா மீன் குழம்பு வைத்திருப்பேன். மன்னார்குடி ஓட்டல் வேண்டாம். வரும்போது வண்டியில் காலைத் தட்டி, துடைத்து எல்லாம் செய்துகொண்டிருக்க வேண்டாம். மணலும் சேறும் அப்படியே இருக்கட்டும். திண்ணை ஓரத்தில் குண்டானில் தண்ணீர் வைத்திருப்பேன்.

அன்புடன்,
அத்தை